தனிம அட்டவணையும் வேதிவினைகளும்: பத்தாம் வகுப்புத் தனித்தேர்வராக நான் பட்டதும் கற்றதும்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். அப்பாவின் உடல்நலக் குறைவால் ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. ஆய்வகப் பொறுப்பாளராக உயர்த்த வேண்டுமானால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கட்டாயம் என்று நிர்வாகத்தில் சொன்னபோது எனக்கு வயது முப்பத்து நான்கு. வீட்டில் இரண்டு குழந்தைகள். தமிழும் கணக்கும் சமூக அறிவியலும் எப்படியாவது வந்துவிடும் என்ற தைரியம் இருந்தது. அறிவியல்தான், அதிலும் வேதியியல்தான், நெஞ்சைப் பிசைந்தது. நாள் முழுவதும் காஸ்டிக்கையும் பெராக்சைடையும் அளந்து ஊற்றுகிறவளுக்கு வேதியியல் பாடத்தைப் பார்த்தால் பயமா என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்டார்கள். அளந்து ஊற்றுவது வேறு, ஏன் ஊற்றுகிறோம் என்று தாளில் எழுதிக்காட்டுவது வேறு என்பதை அந்த இரண்டு ஆண்டுகளில் நான் நன்றாகத் தெரிந்துகொண்டேன். இந்த வழியில் தனியாக வரப்போகிறவர்களுக்கு, எனக்கு யாரும் சொல்லாமல் விட்டவற்றைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பணம் போன வழியைச் சொல்லிவிடுகிறேன். தனித்தேர்வர்களுக்கென்று நடத்தப்பட்ட ஒரு பயிற்சி நிலையத்தில் 9,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு. அங்கே கொடுத்த அச்சடித்த குறிப்புகளைக் காட்டி, "இதை அப்படியே மனப்பாடம் பண்ணிடுங்கக்கா, பாஸ் ஆயிடுவீங்க" என்றார் அங்கிருந்தவர். பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் 2019-20 கல்வியாண்டிலேயே வந்துவிட்டது. அந்தக் குறிப்புகளோ பழைய புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. பாடநூல் கழகத்தின் புத்தகத்தை இணையத்தில் காசில்லாமலேயே இறக்கிக்கொள்ளலாம் என்பதைக்கூட அவர்கள் சொல்லவில்லை. அதையும்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அறிவியல் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு. மீதி 25 செய்முறைத் தேர்வுக்கு. நேரடித் தனித்தேர்வராக எழுதுகிறவர் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குத் தனியாகப் பதிவு செய்து, 80 சதவீத வருகையைக் காட்டினால்தான் தேர்வெழுத முடியும். அந்தப் பதிவு, பொதுத்தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். நான் விவரம் கேட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனபோது தேதி கடந்திருந்தது. ஒரு வருடம் போயிற்று. பதவி உயர்வோடு வரவிருந்த மாதம் 3,500 ரூபாய் கூடுதல் சம்பளமும் அந்த ஒரு வருடத்துக்கு இல்லை. அன்று பேருந்தில் திரும்பி வரும்போது வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. ஆகவே, எந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்வதற்கும் முன்னால், அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பைப் பார்த்து, செய்முறைப் பதிவை முடித்துவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு, யாரையும் நம்பாமல், பாடநூலை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு", "வேதிவினைகளின் வகைகள்" என்ற இரண்டு பாடங்கள்தான் என்னை அதிகம் மிரட்டியவை. பிறகு அதிகம் கைகொடுத்தவையும் அவையே. அட்டவணையில் 118 தனிமங்கள் இருப்பதைப் பார்த்தவுடன் அத்தனையையும் உருப்போட வேண்டும் என்று எண்ணித்தான் பலர் பின்வாங்குகிறார்கள். தேர்வுக்கு அது தேவையே இல்லை. முதல் இருபது தனிமங்களை அணு எண்ணோடு, அதாவது உட்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையோடு, வரிசையாகச் சொல்லத் தெரிந்து, ஒவ்வொன்றின் எலக்ட்ரான் அமைப்பையும், அதாவது உட்கருவைச் சுற்றியுள்ள எந்தக் கூட்டில் எத்தனை எலக்ட்ரான்கள் என்பதையும், எழுதத் தெரிந்தால், அந்தப் பாடத்தின் பெரும்பாலான கேள்விகளுக்கு விடையை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். குளோரினின் அணு எண் 17 என்றால் அமைப்பு 2, 8, 7. மூன்று கூடுகள் இருப்பதால் அது மூன்றாம் தொடரில், அதாவது மூன்றாம் கிடைவரிசையில் உள்ளது; வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான்கள் இருப்பதால், அதோடு பத்தைக் கூட்டினால், 17ஆம் தொகுதி, அதாவது 17ஆம் செங்குத்து வரிசை. வெளிக்கூட்டில் ஒன்றோ இரண்டோ இருந்தால் அதுவே தொகுதி எண். மூன்று முதல் எட்டு வரை இருந்தால் பத்தைக் கூட்ட வேண்டும். இந்த இருபதுக்குள் ஹீலியம் மட்டும் இதற்கு விலக்கு. அதன் வெளிக்கூட்டில் இருப்பது இரண்டே எலக்ட்ரான்கள் என்றாலும், அந்தக் கூடு அத்துடன் நிரம்பிவிடுவதால் அது 18ஆம் தொகுதியில் மந்த வாயுக்களோடு நிற்கிறது. ஏழு தொடர்களிலும் முறையே 2, 8, 8, 18, 18, 32, 32 தனிமங்கள் உள்ளன. கூட்டிப் பார்த்தால் சரியாக 118 வரும். ஒரு மதிப்பெண் வினாவில் ஏதாவது ஒரு தொடரின் எண்ணிக்கையைக் கேட்டால் இந்தக் கூட்டலே சரிபார்க்க உதவும்.

இந்த இடத்தில் நான் பல இரவுகள் மாட்டிக்கொண்டு நின்ற ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஒரு கூட்டில் அதிகபட்சம் எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கலாம் என்பதற்கு, கூட்டின் எண்ணை வர்க்கப்படுத்தி இரண்டால் பெருக்கும் விதி இருக்கிறது. அதன்படி மூன்றாம் கூட்டில் 18 வரை இருக்கலாம். அப்படியானால் அணு எண் 19 கொண்ட பொட்டாசியத்தின் அமைப்பு 2, 8, 9 என்றல்லவா வரவேண்டும்? புத்தகத்திலோ 2, 8, 8, 1 என்று இருந்தது. அச்சுப்பிழை என்று விடவும் முடியவில்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. வேதியியல் எனக்குப் புரியாது என்று முடிவு கட்டிப் புத்தகத்தை மூடி வைத்த நாட்கள் அவை. பிறகு தெருவில் ஒரு பையனிடம் பதினோராம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை இரவல் வாங்கிப் பார்த்தபோதுதான் தெளிந்தது. கூடுகளுக்குள் துணைக்கூடுகள் உண்டு. நான்காம் கூட்டின் முதல் துணைக்கூடு, மூன்றாம் கூட்டின் கடைசித் துணைக்கூட்டைவிட ஆற்றல் குறைந்தது. எலக்ட்ரான் ஆற்றல் குறைந்த இடத்தையே முதலில் நிரப்பும். அதனால் 19ஆவது எலக்ட்ரானும், கால்சியத்தின் 20ஆவது எலக்ட்ரானும் நான்காம் கூட்டுக்குப் போகின்றன. பத்தாம் வகுப்பு விடைத்தாளில் இவ்வளவும் எழுத வேண்டியதில்லை. வெளிக்கூட்டில் எட்டுக்கு மேல் இருக்காது என்ற ஒரு வரி போதும். ஆனால் காரணம் தெரிந்த பிறகு, பொட்டாசியமும் லித்தியம், சோடியம் போல ஒற்றை வெளி எலக்ட்ரானோடு முதல் தொகுதியில் நிற்பதைப் பார்த்தபோது, அந்த அட்டவணையே எனக்கு வேறொன்றாகத் தெரிந்தது. புரியாத ஓரிடம் வந்தால் மேல்வகுப்புப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது எந்த வழிகாட்டி நூலையும்விடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

"சோடியம், மெக்னீசியம் இவற்றில் அணு ஆரம் எதற்கு அதிகம், ஏன்?" என்பது போன்ற கேள்விகளில் மதிப்பெண் "ஏன்" என்ற சொல்லில்தான் இருக்கிறது. "தொடரில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது அணு ஆரம் குறைகிறது" என்று மட்டும் எழுதினால் அது விதி, காரணம் ஆகாது. இரண்டிலும் மூன்று கூடுகளே உள்ளன. மெக்னீசியத்தின் உட்கருவில் புரோட்டான்கள் 12, சோடியத்தில் 11. கூடுகளின் எண்ணிக்கை மாறாமல் உட்கருவின் மின்சுமை மட்டும் கூடுவதால் வெளி எலக்ட்ரான்கள் இன்னும் உள்ளே இழுக்கப்படுகின்றன. ஆகவே சோடியத்தின் ஆரமே அதிகம். இப்படி நான்கு படிகளாக எழுதிப் பழகினேன். சோடியத்தின் ஆரம் 186 பைக்கோமீட்டர், அதே தொடரின் மறுமுனைக்கு அருகில் உள்ள குளோரினுக்கு 99 என்று பார்த்தபோது விதி மனத்தில் நின்றுவிட்டது. தொகுதியில் மேலிருந்து கீழே வரும்போது கூடுகளே கூடுவதால் ஆரமும் கூடும். வெளி எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான அயனியாக்கும் ஆற்றலுக்கும், பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் எலக்ட்ரான் கவர்தன்மைக்கும் இதே காரணத்தைத் திருப்பிப் போட்டால் போதும்: வெளி எலக்ட்ரான் உட்கருவுக்கு அருகில் இறுகப் பிடிபட்டிருந்தால் அதைப் பிடுங்க அதிக ஆற்றல் வேண்டும், தூரத்தில் இருந்தால் குறைந்த ஆற்றலே போதும். மூன்று பண்புகளை மூன்று பத்திகளாக மனப்பாடம் செய்யச் சொன்ன அந்தக் குறிப்புகளை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் பற்றிய பகுதியை வரலாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1869இல் அணு நிறையை வைத்து வரிசைப்படுத்தியவர், இன்னும் கண்டுபிடிக்கப்படாத தனிமங்களுக்கு இடம் விட்டு வைத்தார். 1875இல் காலியமும் 1886இல் ஜெர்மானியமும் அந்த இடங்களில் வந்து பொருந்தின. அதே சமயம் டெல்லூரியத்தின் நிறை 127.6, அயோடினின் நிறை 126.9, நிறைப்படி பார்த்தால் அயோடின்தான் முன்னால் வரவேண்டும், பண்புப்படி பார்த்தால் பின்னால் வரவேண்டும். 1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லே எக்ஸ் கதிர்களைக் கொண்டு அணு எண்ணே அடிப்படை என்று காட்டியதும் இந்த முரண் தீர்ந்தது: டெல்லூரியம் 52, அயோடின் 53. "நவீன ஆவர்த்தன விதி ஏன் தேவைப்பட்டது" என்ற கேள்விக்கு இந்த ஒற்றை எடுத்துக்காட்டை எழுதினாலே விடை முழுமையாகிவிடும்.

அந்தப் பாடத்திலேயே அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையும் வருகிறது; ஏழு மதிப்பெண் பகுதிக்கு அது ஏற்ற வினா. என் வேலையிடத்துக் காஸ்டிக் அதில் வந்தவுடன் எனக்கு ஒரு நெருக்கம் உண்டாயிற்று. அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டைத் தூளாக்கிக் காஸ்டிக் சோடாவோடு அழுத்தத்தில் சூடாக்கினால் அலுமினியம் ஆக்சைடு கரைகிறது, உடன் இருக்கும் இரும்பு ஆக்சைடு கரைவதில்லை. அலுமினியம் ஆக்சைடு ஈரியல்புத் தன்மை கொண்டது, அதாவது அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும் என்பதே இதற்குக் காரணம். பிறகு கிடைக்கும் தூய அலுமினியம் ஆக்சைடான அலுமினாவை, உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் கரைத்து மின்னாற்பகுப்பு செய்கிறார்கள், அதாவது மின்சாரத்தைச் செலுத்திப் பிரிக்கிறார்கள். கிரையோலைட் எதற்கு என்பது அடிக்கடி கேட்கப்படும் துணைக்கேள்வி: அலுமினா மட்டும் தனியாக உருக 2,000 டிகிரிக்கும் மேல் வெப்பம் வேண்டும், கிரையோலைட்டோடு சேர்ந்தால் 900 முதல் 950 டிகிரியிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

வேதிவினைகளின் வகைகளுக்கு வந்தபோது, என் ஆய்வகமே எனக்குப் பாடப்புத்தகம் ஆனது. துணியை வெளுக்கப் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு, வெளுத்து முடிந்த பிறகு துணியில் தங்கியிருந்தால் சாயம் சரியாக ஏறாது. அதனால் ஒரு நொதியைச் சிறிது சேர்ப்போம். கண்ணாடிக் குவளையில் சோதித்துப் பார்க்கும்போது, சொட்டு விழுந்த இடத்திலிருந்து பொடிக்குமிழிகள் திரண்டு மேலே வரும். குவளையைத் தொட்டால் இளஞ்சூடு தெரியும். இரண்டு மூலக்கூறு ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைந்து இரண்டு மூலக்கூறு நீரும் ஒரு மூலக்கூறு ஆக்சிஜனும் ஆவது என்று பாடநூல் மொழியில் அதை எழுதியபோது, இத்தனை வருடமாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது சிதைவு வினை என்பது உறைத்தது. காரம் ஏறிய துணியை அசிட்டிக் அமிலம் விட்டு அலசுவது நடுநிலையாக்கல். உப்பும் நீரும் விளைகின்றன. வேலையில் நீங்களும் இப்படி எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால், சமையலறையில் எலுமிச்சைச் சாற்றையும் சோடா மாவையும் கலந்திருந்தால்கூட, அதை வினையின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இந்தப் பாடத்தில் எந்த வினாவுக்கும் நான்கு செய்திகளை எழுதும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன்: வினையின் வகை, சமன் செய்த சமன்பாடு, வினை நடக்கும் சூழல், கண்ணால் காணும் மாற்றம். தாமிர சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியைப் போடுவது ஒற்றை இடப்பெயர்ச்சி என்று எழுதிவிட்டு நிற்காமல், நீலக் கரைசல் மெல்ல வெளிர்பச்சையாவதையும், ஆணியின் மேல் செம்பழுப்புப் படலம் படிவதையும், வினைபடுதிறன் வரிசையில் இரும்பு தாமிரத்துக்கு மேலே இருப்பதே காரணம் என்பதையும் எழுத வேண்டும். இதையே திருப்பி, துத்தநாக சல்பேட் கரைசலில் தாமிரத்தைப் போட்டால் என்ன நடக்கும் என்றும் கேட்கலாம். ஒன்றும் நடக்காது என்பதுதான் விடை. அதைக் காரணத்தோடு எழுதினால் முழு மதிப்பெண் உண்டு. ஏதாவது நடந்தே தீர வேண்டும் என்று நினைத்து இல்லாத சமன்பாட்டை உண்டாக்கி எழுதுவது வீண். லெட் நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும் சேரும் இரட்டை இடப்பெயர்ச்சியில், பொட்டாசியம் அயோடைடு இரண்டு மூலக்கூறு வேண்டும் என்பதையும், லெட் அயோடைடு பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவாக, அதாவது கரையாத திடப்பொருளாக, இறங்கும் என்பதையும் விட்டுவிடக் கூடாது.

சமன் செய்வதற்கு யாரும் எனக்கு முறை சொல்லித்தரவில்லை. நானாகக் கண்டுகொண்டது இது: ஒரே சேர்மத்தில் மட்டும் வரும் தனிமத்தை முதலில் சரிசெய்ய வேண்டும், தனியாக நிற்கும் தனிமத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். சமையல் எரிவாயுவில் உள்ள புரோப்பேன் எரிவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8. கார்பன் மூன்றும் கார்பன் டை ஆக்சைடாக வேண்டும் என்பதால் வலப்பக்கம் அது 3. ஹைட்ரஜன் எட்டும் நீராக வேண்டும் என்பதால் நீர் 4. இப்போது வலப்பக்க ஆக்சிஜன் அணுக்களை எண்ணினால் 6உம் 4உம் சேர்த்துப் பத்து. ஆகவே இடப்பக்கம் ஆக்சிஜன் மூலக்கூறு 5. மூலக்கூறுக்கு முன்னால் போடும் கெழுவை மட்டும்தான் மாற்றலாம். வாய்பாட்டின் கீழே இருக்கும் சிறிய எண்ணில் கைவைத்தால் பொருளே மாறிவிடும், நீர் பெராக்சைடாகிவிடும். தினமும் இரவில் சில சமன்பாடுகள் என்று எழுதிப் பார்த்ததில், கொஞ்ச நாளிலேயே கை தானாகப் போக ஆரம்பித்துவிட்டது.

கரைசல் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் பிஎச் கணக்குகளை விட்டுவிடும் எண்ணம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மதிப்பெண் பகுதியிலும் நான்கு மதிப்பெண் பகுதியிலும் ஒவ்வொரு கட்டாய வினா இருக்கும். அது பெரும்பாலும் கணக்காகவோ சிந்தித்து எழுதுவதாகவோ இருக்கும். 0.001 மோலார் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் பத்தின் அடுக்கு மைனஸ் 3, ஆகவே காரத்துக்கான அளவான பிஓஎச் 3. பதினான்கிலிருந்து கழித்தால் பிஎச் 11. அமிலமாக இருந்தால் கழித்தல் தேவையில்லை, 0.01 மோலார் நைட்ரிக் அமிலத்தின் பிஎச் நேரடியாக 2. காரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா அமிலம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் எழுதினால்தான் விடை கெடும்.

செய்முறைப் பயிற்சிக்காக ஒதுக்கப்பட்ட பள்ளிக்கு விடுப்பெடுத்துப் போனதில் கூலி பிடித்தார்கள்; அதைச் செலவாகவே எண்ணி முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். என் மகளைவிடச் சில வயதே மூத்த பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார முதல் நாள் கூச்சமாக இருந்தது. தாமிர சல்பேட் படிகத்தைச் சோதனைக்குழாயில் சூடாக்கும் சோதனை வந்தபோது கூச்சம் மறந்துபோயிற்று. நீலப் படிகம் ஓரங்களில் வெளுக்கத் தொடங்கி, முழுக்க வெள்ளைத் தூளாகி, குழாயின் மேற்பகுதியில் உட்புறமாக முத்து முத்தாக நீர்த்துளிகள் படிந்தன. குழாய் ஆறிய பிறகு சில சொட்டு நீர் விட்டதும் நீலம் திரும்பி வந்தது. ஒரு மூலக்கூறு உப்போடு ஐந்து மூலக்கூறு நீர் என்பதை அதன் பிறகு யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. கரையும்போது வெப்பம் வெளிவருகிறதா உள்வாங்கப்படுகிறதா என்ற சோதனை எனக்கு மிக எளிது. காஸ்டிக் செதில்களை நீரில் போட்டால் வாளி சுடும், துணியில் அச்சிடும் பசைக்கு யூரியா கரைத்தால் வாளி ஜில்லிடும். அமிலமா காரமா என்று கண்டறியும் சோதனையில், நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீன் காரத்தில் இளஞ்சிவப்பாகும், அமிலத்தில் நிறமற்றே இருக்கும். மெத்தில் ஆரஞ்சு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் மஞ்சளாகும். சோடியம் கார்பனேட் போட்டால் அமிலம் நுரைத்துப் பொங்கும். சோதனை, காண்பன, அறிவன என்ற மூன்று கட்டங்களையும் நிரப்புவதற்குத் தவறாதீர்கள். சரியாகச் செய்துவிட்டு "காண்பன" கட்டத்தைக் காலியாக விட்டவர்களை என் பக்கத்திலேயே பார்த்தேன்.

எழுத்துத் தேர்வில் 12 ஒரு மதிப்பெண் வினாக்கள், ஏழு இரண்டு மதிப்பெண், ஏழு நான்கு மதிப்பெண், மூன்று ஏழு மதிப்பெண்; நேரம் மூன்று மணி. இயற்பியலும் உயிரியலும் கலந்தே வருவதால், வேதியியல் வினாக்களை முதலில் முடித்துவிட்டேன். சமன்பாடுகளை மனம் களைப்பதற்கு முன் எழுதுவது நல்லது. சமன்பாடு ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதி, வாயுவுக்கு மேல்நோக்கிய அம்புக்குறியும் வீழ்படிவுக்குக் கீழ்நோக்கிய அம்புக்குறியும் போட்டேன். கடைசிப் பத்து நிமிடத்தைப் புதிதாக எதுவும் எழுதாமல், சமன்பாடுகளின் இரண்டு பக்கத்திலும் அணுக்களை எண்ணிப் பார்ப்பதற்கே வைத்துக்கொண்டேன். செய்முறையையும் சேர்த்து அறிவியலில் 71 மதிப்பெண் வந்தது. சான்றிதழைக் கொடுத்த மறுமாதமே ஆய்வகப் பொறுப்பு என் பெயருக்கு வந்தது. இரண்டாம் ஆண்டுப் படிப்புக்கு ஆன செலவு தேர்வுக் கட்டணம், பழைய வினாத்தாள்களை நகலெடுத்த காசு, பிடிக்கப்பட்ட கூலி, அவ்வளவுதான்.